கிழங்கக்கா ஊட்டிய ஒரே ஆள்

முதல் தடவை அவள் எங்களைத் திட்டுவதற்காகத்தான் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் துடைப்பம், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எங்கள் சைக்கிள் சங்கத்து ஆள் ஒருவன் அவளுடைய மாடிப்படியில் வாந்தி எடுத்து வைத்திருந்தான். ஹோட்டல் சலவைக்கூடத்தில் வாரம் ஆறு நாள் நின்று வேலை பார்க்கிறவளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அன்றைக்குப் போய் வாசலில் இப்படி ஒரு காட்சி என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? வாய்க்கு வந்தபடி திட்டினாள். நாங்கள் நாலு பேர், அவளைவிட மூத்தவர்கள், தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.

அவள் வீட்டுக்குக் கீழே ஒரு கடை காலியாகக் கிடந்தது. வருஷத்துக்கு நாலு ஞாயிறு மட்டும் அதை எங்கள் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்தது. நாங்கள் 'முந்நூறு' என்று சொல்வது முந்நூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம். பந்தயமெல்லாம் இல்லை. முதலில் வந்தவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் ஒரே பரிசுதான், அதாவது ஒன்றும் கிடையாது. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி இருபது மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். வழியில் மூன்று இடத்தில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். அந்தக் காலிக் கடை நூற்று எண்பத்தைந்தாவது கிலோமீட்டரில் இருந்தது. அங்கே முத்திரை போடுகிறவன் நான். முழங்கால் போவதற்கு முன்னால் நானும் மிதித்தவன்தான். போன பிறகு, சும்மா இருக்காமல் ஏதாவது செய் என்று மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். மற்றபடி என் தொழில் தையல் மெஷின் ரிப்பேர்.

அவ்வளவு தூரம் மிதித்து வருகிறவனுக்குக் கொலைப்பசி எடுக்கும் என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். எங்கே எடுக்கிறது? எட்டு மணி நேரம் வெயிலில் மிதித்தால் வயிறு கதவைச் சாத்திக்கொள்ளும். வாய் ஊறும், ஆனால் அது பசிக்கு ஊறுவதில்லை, குமட்டலுக்கு ஊறுவது. தண்ணீரைப் பார்த்தாலே ஓங்கரிக்கும். பை நிறையத் தின்பண்டம் இருக்கும், ஒன்றையும் வாயில் வைக்க முடியாது. வைக்காவிட்டால் அடுத்த மேட்டில் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். பாதியில் நிறுத்திக்கொண்டு சங்கத்து வேனில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் கால் நன்றாகத்தான் இருக்கும், வயிறுதான் கைவிட்டிருக்கும்.

அன்றைக்குப் படியில் வாந்தி எடுத்தவனும் அப்படித்தான் பெஞ்சில் சுருண்டு கிடந்தான். படியைக் கழுவிவிட்டு மேலே போனவள், கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கி வந்தாள். இன்னும் பாக்கித் திட்டு இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். கையில் ஒரு கிண்ணம் இருந்தது. அதில் தனக்கு மதியத்துக்கு வேகவைத்து ஆறவைத்திருந்த உருளைக்கிழங்கு ஒன்று. முழுக் கிழங்கைப் பார்த்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அதை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மறு பாதியில் உப்பைத் தொட்டு அவன் பக்கத்தில் வைத்தாள். சாப்பிடு என்று சொல்லவில்லை. திரும்பி உட்கார்ந்துகொண்டு, ஹோட்டலில் தங்க வருகிற பெரிய மனிதர்கள் முகம் துடைக்கிற துண்டால் செருப்பைத் துடைத்துப் போடுகிற அக்கிரமத்தைப் பற்றி என்னிடம் பேச ஆரம்பித்தாள். அவள் பேசி முடிப்பதற்குள் அந்தப் பாதி காணாமல் போயிருந்தது. மறைத்து வைத்திருந்த பாதியையும் கொடுத்தாள். அரைமணி நேரத்தில் அவன் எழுந்து சைக்கிள் ஏறிவிட்டான்.

அடுத்த முந்நூறுக்கு யாரும் கூப்பிடாமலே ஒரு பானைக் கிழங்கோடு கீழே வந்து உட்கார்ந்தாள். கிழங்கக்கா என்று பேர் விழுந்துவிட்டது. எனக்கு மூன்று வயது இளையவள், நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னை அண்ணே என்பாள். இந்தக் கணக்கு இரண்டு பேருக்கும் சரியாகவே இருந்தது.

ஒன்பது வருஷம் வந்தாள். சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் கொடுக்கிற வேலை அவளுக்கு. இரண்டு முன்னங்கையிலும் வரிவரியாகச் சூட்டுத் தழும்பு இருக்கும். கிழிந்துபோன ஹோட்டல் துண்டுகளைக் கேட்டு வாங்கி வைத்திருந்து, அவற்றை நனைத்து வருகிறவர்களின் பிடரியில் போடுவாள். இடுப்பு இறுக்கத்தைத் தளர்த்தச் சொல்வாள். சூடான எதையும் கிட்டே கொண்டுவர விடமாட்டாள், வாசனை வந்தால் தீர்ந்தது என்பாள். என்ன வேணும் என்று யாரையும் கேட்கவே கூடாது. கேட்டால் அவன் சாப்பாட்டைப் பற்றி யோசிப்பான், யோசித்தால் வாந்தி வரும். சாப்பிடுகிறவனைப் பார்க்கவும் கூடாது. "பாத்துக்கிட்டே இருந்தா எப்படி எறங்கும்?" என்று ஒரு தடவை என் நாற்காலியையே சுவர் பக்கம் திருப்பிப் போட்டாள். துப்பணும்னா துப்பு, கிண்ணம் இருக்கு என்பாள். துப்பலாம் என்று சொன்ன பிறகு ஒருத்தனும் துப்பினதில்லை. ஊட்டிவிட மட்டும் மாட்டாள். கையால் எடுத்து அவனே வாயில் வைத்தால்தான் வயிறு ஒத்துக்கொள்ளும் என்பது அவள் கட்சி.

அவள் புருஷன் தன் அண்ணனுக்கு ஒரு வேலையில் ஒத்தாசை செய்ய இரண்டு வாரம் என்று சொல்லிப் போனவர். போய்ப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. "இன்னும் ரெண்டு வாரம் முடியல" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். பிள்ளை இல்லை. ஒருத்திக்குச் சமைக்கிறது எவ்வளவு சலிப்பான காரியம் என்று எனக்கும் தெரியும், நானும் தனிக்கட்டைதான். வருஷத்தில் அந்த நாலு ஞாயிறு முப்பது பேர் அவள் வைத்ததைச் சாப்பிட்டார்கள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். இன்னொருத்தர் சாப்பிடுவதில் ஒரு மனுஷி அவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

ஒன்பது வருஷத்தில் அவள் கிண்ணத்தில் கை வைத்த ஒருவன்கூட எங்கள் இடத்திலிருந்து வேனில் ஏறினதில்லை. இது அவளுக்கும் பெருமை, எங்களுக்கும் பெருமை. எங்கள் செயலாளர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் சாகலாம் என்று ஊருக்கெல்லாம் நினைவூட்டியே பிழைக்கிறவர். அவர்கூட, கிழங்கக்கா இருக்கிறவரைக்கும் அந்த இடத்துக்கு வேன் வேண்டாம் என்று சொல்லி அடுத்த இடத்துக்கு அனுப்பிவிட்டார்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஒருவர் ஏழு வருஷமாக எங்களோடு மிதித்துக்கொண்டிருந்தார். டிரைவர் என்றே கூப்பிடுவோம். நாற்பத்தாறு வயது. கூட வருகிறவர்களைத் திரும்பித் திரும்பித் தலை எண்ணுவார், தொழில் புத்தி. ரொம்ப சாது. அவருக்கு இந்த வயிற்றுத் தொல்லை எல்லாரையும்விட அதிகம். நூற்றைம்பது தாண்டினால் குடலைப் பிடுங்கிவிடும். எங்கள் இடத்துக்கு வரும்போது முகம் வெளிறிப்போய், பேயறைந்தவர் மாதிரி வருவார். பெஞ்சில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம்தான்: "அக்கா, நான் இதோட நிறுத்திக்கிறேன்." அவளும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொல்வாள்: "நிறுத்து, யாரு வேணாம்னா? இதை வாயில வச்சிட்டு நிறுத்து." முக்கால் மணி நேரத்தில் ஆள் தேறி எழுந்து போய்விடுவார். அவர் உள்ளே நுழையும்போதே நான் அந்த வசனத்தை அவருக்கு முன்னாடி சொல்லிக் காட்டுவேன். அவர் படுத்தபடியே சிரிப்பார்.

இதெல்லாம் அந்த ஞாயிறு வரைக்கும்.

அன்றைக்கு வெயில்கூட இல்லை, மந்தாரம். யோசித்துப் பார்த்தால் அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் தெம்பாக வந்து, நின்றபடியே நாலு வாய் தின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். டிரைவர் மட்டும் வழக்கத்தைவிட அரைமணி நேரம் பிந்தி வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் கீழே போட்டார். சட்டை மழையில் நனைந்தது போல் நனைந்திருந்தது. கடையில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அவர், அக்கா, நான்.

நான் அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. படுக்கவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"அக்கா, நிஜமாவே நிறுத்திக்கிறேன். வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. அவளை வரச் சொல்லுங்க."

அக்கா நனைத்த துண்டைப் பிடரியில் போட்டாள். பாதிக் கிழங்கை வைத்தாள். திரும்பி உட்கார்ந்துகொண்டு வழக்கம்போல ஹோட்டல் கதையை ஆரம்பித்தாள். கதை முடிந்து திரும்பினால் கிழங்கு அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டாள். அவள் யாரையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"தாடை வலிக்குதுக்கா. மெல்ல முடியல."

இதைக் கேட்ட ஒரு டாக்டர் அந்த நிமிஷமே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருப்பாராம். பிற்பாடு சொன்னார்கள். எங்களுக்குக் குமட்டல் என்றால் சைக்கிள், வியர்வை என்றால் சைக்கிள், தாடை வலி என்றாலும் சைக்கிள்தான். ஒன்பது வருஷமாக அதை மட்டுமே பார்த்துப் பார்த்து வேறு எதையும் பார்க்கத் தெரியாமல் போயிருந்தது. அக்கா அவர் ஹெல்மெட் வாரைக் கழற்றிவிட்டு, "இதை இவ்வளவு இறுக்கிக் கட்டிக்கிட்டு, காலையிலேர்ந்து பல்லையும் கடிச்சிக்கிட்டு மிதிச்சா வலிக்காம என்ன செய்யும்?" என்றாள். கிழங்கை ஸ்பூனின் முதுகால் மசித்தாள். உப்புப் போட்டு, நாலு சொட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, மெல்ல வேண்டாம், முழுங்கு என்று சொல்லி ஸ்பூனை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

ஊட்டவே மாட்டேன் என்கிறவள் அவருக்கு ஊட்டினாள். போனைப் பற்றி அவர் இன்னொரு தடவை கேட்டார். முதலில் இது காலியாகட்டும், அப்புறம் போடலாம் என்றாள். அவர் ஒரு குழந்தை மாதிரி வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஊட்டிவிடற அளவுக்கு வந்தாச்சா டிரைவரே, அடுத்த தடவை தொட்டில் கட்டிடலாம்" என்றேன். அதற்கு அவர் கொஞ்சம் சிரித்தார். முகத்தில் ரத்தம் வந்த மாதிரி இருந்தது. வந்ததா, வந்ததாக நாங்கள் நினைத்தோமா, இப்போது என்னால் சொல்ல முடியாது. கிண்ணம் காலியாயிற்று.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இப்போ பரவாயில்லை என்று அவரே எழுந்தார். எழுந்து வந்து மேசையில் அட்டையை வைத்தார். அட்டை மேசையில் விழாமல் ஓரத்தில் பட்டுக் கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். அவர் கையைப் பார்த்தேன். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. வேண்டாம் டிரைவரே, உட்காருங்க என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முத்திரை போடுகிறவர் முத்திரை மட்டும் போட்டால் போதும், ஓட்டுகிறவனுக்குப் புத்தி சொல்லக் கூடாது என்பது செயலாளரின் சட்டம். அக்காவுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்றும் ஒரு நினைப்பு. மூன்று மணி ஐந்து நிமிஷம் என்று எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தேன். போயிட்டு வரேன்க்கா என்று சொல்லிவிட்டுப் போனார். போனைப் பற்றி மூன்று பேருமே மறந்துபோயிருந்தோம்.

நாலு மணிக்குச் செயலாளர் கூப்பிட்டார். பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிடங்குச் சுவரோரம் டிரைவர் உட்கார்ந்திருப்பதைப் பின்னால் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். சைக்கிளை ஒழுங்காகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாராம். ஹெல்மெட் மடியில். ஓய்வெடுக்கிறார் என்று இரண்டு பேர் கை காட்டிவிட்டுத் தாண்டியே போயிருக்கிறார்கள். மூன்றாவது ஆள்தான் இறங்கிப் பார்த்தான், உயிர் இல்லை. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தாடை வலியும் குமட்டலும் குளிர்ந்த வியர்வையும் அதற்கு அடையாளம் என்று ஒரு டாக்டர் செயலாளருக்குச் சொல்ல, அவர் போனில் அக்காவுக்குச் சொன்னார். அக்கா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாளாம். பிறகு மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னாளாம். "என்னய்யா இவங்க, மனப்பாடமா பண்ணப் போறாங்க?" என்று அவர் என்னிடம் சலித்துக்கொண்டார். மனுஷனுக்கு எங்கே எது பேசுவது என்றே கிடையாது.

இரண்டு மாதம் கழித்து அடுத்த முந்நூறு. அக்கா இறங்கி வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். பானை, உப்பு, துண்டு எல்லாம் வழக்கம்போல இருந்தது. ஆனால் முதல் ஆள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவனுக்கு எதிரே மண்டி போட்டு உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை வலிக்குதா என்று கேட்டாள். கை வலிக்குதா, நெஞ்சு அடைக்குதா என்று கேட்டாள். அவன் மிரண்டுபோய்க் கிழங்கைத் தொடாமலே கிளம்பிவிட்டான். அடுத்து வந்தவன், எல்லாரும் சொல்கிற மாதிரி, முடியலக்கா நிறுத்திடலாமான்னு இருக்கு என்றான். உடனே, சரிப்பா நிறுத்து, வீட்டு நம்பரைச் சொல்லு என்று போனை எடுத்துவிட்டாள். அவன் விளையாட்டு என்று நினைத்து அம்மா நம்பரைச் சொன்னான். அவள் நிஜமாகவே போட்டுப் பேசி, அந்த அம்மா அழுதுகொண்டே கிளம்பி வந்துவிட்டார்கள். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசு அவனுக்கு, இருபது நிமிஷம் படுத்திருந்தால் பறந்திருப்பான். அன்றைக்கு எங்கள் இடத்தில் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்தனும் சரியாகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் பானையைப் பார்த்தேன், முக்கால் பானை அப்படியே இருந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு முகம் பாக்கத் தெரியல அண்ணே. முன்னாடி வாசல்ல வரும்போதே தெரியும், இவன் போவான், இவன் படுப்பான்னு. இப்ப எல்லா மூஞ்சியும் அவர் மூஞ்சியாவே இருக்கு."

ஆறுதலாக என்னென்னவோ சொன்னேன். விதி என்றேன், நேரம் என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அந்த வாரமே செயலாளர் முத்திரை இடத்தை ஒரு பெட்ரோல் பங்குக்கு மாற்றிவிட்டார். அவளிடம் சொல்லும் வேலையை என் தலையில் கட்டினார். சொன்னேன். நல்லதுதான் என்றாள்.

டிரைவர் போன மூன்றாவது மாதம் ஒரு ஞாயிறு காலை நான் அவள் வீட்டில் இருந்தேன். ஹோட்டல் துண்டுகளுக்கு ஓரம் அடிக்கிற அவளுடைய தையல் மெஷின் நூலை அறுத்துக்கொண்டே இருக்கிறது என்று கூப்பிட்டிருந்தாள். மெஷினைத் தரையில் படுக்கவைத்து அடிப்பாகத்தைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தபோது படியேறி ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். நீங்கதானே கிழங்கக்கா என்று கேட்டாள். தான் டிரைவரின் மனைவி என்றாள்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். தான் உட்காரவில்லை. வந்தவள் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள், நின்று நின்று கால் வீங்கியிருந்தது. சுற்றிவளைக்காமல் பேசினாள். முந்நூறுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே பயத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்காதாம். முடித்துவிட்டு வந்தால் இரண்டு நாள் குமட்டலில் இறங்காதாம். வருஷத்துக்கு நாலு தடவை, ஏழு வருஷம், அவள் சமைத்ததைக் குப்பையில் கொட்டியிருக்கிறாள். சண்டை போட்டிருக்கிறாள். கொட்டினதைவிட வயிறெரிந்தது எதற்கு என்றால், அங்கே ஒரு அக்கா பாதிக் கிழங்கு கொடுக்கும், அமிர்தமா இருக்கும் என்று வந்து வந்து சொல்வாராம்.

"உங்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மூஞ்சி தெரியாமலே பிடிக்காது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஆஸ்பத்திரிப் பேப்பர்ல வயித்துல சாப்பாடு இருந்துச்சுன்னு எழுதியிருந்தாங்க. அதைப் படிச்சதும் அந்தக் கோபமெல்லாம் போயிடுச்சு. பட்டினியா போகலையே மனுஷன். அது போதும் எனக்கு. என்ன சாப்பிட்டாரு, நல்லா சாப்பிட்டாரா, அதை மட்டும் சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்."

நல்லா சாப்பிட்டாரும்மா என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அது பொய்யும் இல்லை, கிண்ணம் காலியானதை நானே பார்த்தேன். அந்தப் பெண் அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் படியிறங்கியிருப்பாள். சொல்லிவிடு என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அக்கா என் பக்கம் பார்க்கவில்லை. முன்னங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

"அவரு நிறுத்திக்கிறேன்னு சொன்னாரும்மா. தாடை வலிக்குதுன்னாரு. உங்களுக்குப் போன் போட்டு வரச் சொல்லச் சொன்னாரு, ரெண்டு தடவை. நான் போடல. கிழங்கை மசிச்சு ஊட்டி அனுப்பிட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை போலிருந்தது. புரிந்தபோது அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எனக்கா போன் போடச் சொன்னாரு?"

"ஆமா."

"நான் வீட்டுலதான் இருந்தேன். போன் கையிலதான் இருந்துச்சு" என்றாள். பிறகு, "அங்க வேற யாருமே இல்லையா? ஒருத்தருக்குக்கூடவா தோணல?" என்று கேட்டாள்.

ஸ்குரூ டிரைவர் கையில் இருந்தது. மெஷினின் வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் இல்லம்மா. நான் மட்டும்தான் இருந்தேன்" என்றாள் அக்கா.

அந்தப் பெண் எழுந்தாள். வாசல் வரைக்கும் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காவைப் பார்த்துப் பேசவில்லை.

"சாப்பிடாமலே வீட்டுக்கு வந்திருக்கலாம். நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

படி செங்குத்தான படி. அவள் கால் தடுமாறுவதைப் பார்த்து நான் ஓடிப்போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினேன். கீழே காலிக் கடை பூட்டிக் கிடந்தது. அது எந்த இடம் என்று அவளுக்குத் தெரியாது. தெருவில் கால் வைத்ததும், நீங்க இவங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டாள். மெஷின் ரிப்பேர் பண்ண வந்தேன் என்றேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ரொம்ப நன்றிங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றியையும் நான் வாங்கிக்கொண்டேன்.

மேலே வந்தபோது அக்கா நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஏன் அப்படிச் சொன்னாய், நானும்தானே இருந்தேன், நானும்தானே கேட்டேன் என்றேன். டிரைவர் கை நடுங்கினதை நான் பார்த்தேன் என்பதை அவளிடமும் அதுவரைக்கும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

"இதுக்கு ஒருத்தர் போதும் அண்ணே" என்றாள்.

நான் சரி என்றேன்.